கொட்டங்காய் மரமும் கொழும்பின் செவ்விலைக் காலமும்

இலையுதிர்காலம் என்னுஞ் சொல் இன்று தமிழிற் பெருவழக்காக உள்ளது. ஆயினும் அது பழந்தமிழர் வகுத்த பெரும்பொழுது ஆறனுள் ஒன்றன்று. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினைப் பகுத்தோர் மழை, குளிர், பனி, வெயில் என்பவற்றைக் கொண்டே அப்பகுப்பைச் செய்தனர். இலை உதிர்தலைக் கொண்டு ஒரு பொழுதுக்குப் பெயரிட்டாரல்லர். மேலைநாட்டு நூல்களைத் தமிழாக்க முற்பட்டோர், அந்நாட்டுப் பருவம் ஒன்றைக் குறிக்கும் பொருட்டு இச்சொல்லை ஆளலாயினர்.

சொல்லைப் பின்தொடர்ந்து அதற்குரிய காட்சியும் கொழும்புத் தமிழர் இல்லங்களுக்கு வந்து சேர்ந்துள்ளது. தொறொன்ரோ முதலிய நகரங்களிற் குடியேறிய உறவினர் அனுப்பும் நாட்காட்டிகளிலும் புகைப்படங்களிலும், ஒக்டோபர் மாதத்து மேப்பிள் மரம் தீப்பற்றியது போலச் சிவந்து நிற்கும். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் முன்றிலில், அல்லது கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலின் வெளிவீதியில், அவ்வாறு சிவக்கும் மரம் ஒன்றை வளர்க்கலாகாதா என்ற வினா அதனைக் காண்பார்க்கு எழுவது இயல்பே. மேப்பிளை வளர்க்க இயலாது. செவ்விலை மரத்தை வளர்க்க இயலும். அம்மரம் ஏலவே கொழும்பில் நிற்கின்றது. பலர் அதன் இலையைத் தினமும் கூட்டி அள்ளுகின்றனர். நிமிர்ந்து நோக்குவோரே குறைவு.

மேப்பிள் ஏன் ஆகாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தொறொன்ரோவில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஆறரை மணி நேர வேறுபாடு உண்டு. தை மாதக் குளிருக்கும் ஆடி மாத வெப்பத்துக்கும் இடையே 25 பாகைக்கு மேற்பட்ட ஏற்றத்தாழ்வு உண்டு. பகல் சுருங்குதலும் இரவு குளிர்தலும் ஆகிய இரண்டுமே இலையை உதிர்க்குமாறு அம்மரத்துக்கு அறிவிக்கும் குறிகள். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் அமைந்தது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஐம்பது நிமிட வேறுபாடு தானும் நிறைவாக இல்லை. மாதச் சராசரி வெப்பநிலையின் ஏற்றத்தாழ்வு இரண்டு பாகை அளவினதே. இத்தகைய நிலத்தில் மேப்பிளுக்குக் காலம் உணர்த்துவார் எவருமிலர்.

இடர்ப்பாடு அதனோடு முடியவில்லை. சீனி மேப்பிளின் விதை ஈரத்தோடு கூடிய குளிரில் ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை கிடந்தாலன்றி நன்கு முளையாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து அக்குறையை நீக்கி விடலாம் என்பர், அது மெய்யே. ஆனால் முளைத்த கன்றின் மொட்டுகளும் ஆண்டுதோறும் ஒரு குளிர்காலத்தைக் கழித்த பின்னரே செவ்வனே விழிப்பன. மரத்தை ஆண்டுதோறும் பெட்டிக்குள் வைத்தல் எவர்க்கும் இயலாது. இதற்கு மேலும் ஒன்றுண்டு: விதையோ கன்றோ வெளிநாட்டிலிருந்து கொணர்வதை இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. பயணப்பெட்டியின் மூலையில் மறைத்துக் கொணரும் விதையோடு இந்நாட்டில் இல்லாத நோயும் வரக்கூடும்.

இனி, இலை ஏன் சிவக்கின்றது? பச்சை இலையில் பச்சையத்தோடு மஞ்சள் நிறப் பொருள்களும் எப்போதும் உள்ளன. இலை முதிர்ந்து மரம் அதனைக் கைவிடத் தொடங்கும்போது பச்சையம் சிதைகின்றது. மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. ஆகவே மஞ்சள் என்பது எஞ்சிய நிறம். சிவப்பு அத்தகையதன்று. அந்தோசயனின் எனப்படும் செந்நிறப் பொருளைப் பெரும்பாலான மரங்கள் அந்த இறுதி நாட்களிலேயே புதிதாக ஆக்குகின்றன. விழப்போகும் இலையில் ஒரு மரம் ஏன் இவ்வாறு செலவு செய்ய வேண்டும் என்பது தாவரவியலார் நெடுங்காலம் ஆராய்ந்த வினா.

உதிருமுன் இலையிலுள்ள நைதரசன், பொசுபரசு முதலியவற்றை மரம் தண்டுக்கு மீட்டுக்கொள்கின்றது. பல இனங்களை ஒருங்கு நோக்குமிடத்து ஏறத்தாழப் பாதி மீட்கப்படுவதாகக் கணித்துள்ளனர். இம்மீட்பு நடைபெறும் நாட்களில், சிதையும் பச்சையத்தின் மேல் விழும் கடும் வெயில் இலையின் கலங்களைக் கெடுக்கக்கூடும். அந்தோசயனின் ஒரு திரைபோல் நின்று அக்கேட்டைத் தடுக்கின்றது என்பது 2001ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் சோதனை வாயிலாக வலியுறுத்திய கருத்து. அதே ஆண்டில் ஹமில்டன், பிரவுண் என்னும் இருவர் பெயரில் வெளியான கட்டுரை வேறொன்று கூறிற்று: தன் வலிமையைப் பூச்சிகளுக்கு அறிவித்து அவற்றை விலக்குதற்கே மரம் நிறம் காட்டுகின்றது என்பது அதன் கருத்து. இரண்டு கொள்கைகளும் இன்றும் ஆராயப்படுகின்றன. எனினும் வெயில்படும் பக்கத்து இலையே மிகுதியாகச் சிவத்தலும், நிழலில் நின்ற இலை மஞ்சளோடு அமைதலும் முன்னதற்கே துணை செய்வன. மரம் வளர்ப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. பின்னர் இது பயன்படும்.

அயனமண்டலத்து மரங்களிலும் சிவப்பு உண்டு. ஆனால் அவற்றுட் பல இறக்கும் இலையிற் சிவப்பதில்லை. பிறக்கும் இலையிற் சிவப்பன. மாந்தளிரின் நிறத்தை மகளிர் மேனிக்கு உவமை கூறிய புலவர்கள் கண்டது இதனையே. 1986ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய மரமாகத் தெரிந்தெடுக்கப்பட்ட நாகமரத்தின் தளிர் செந்நிறமாய்த் தொங்கும். சிங்களத்தில் கோன் எனவும் தமிழிற் பூவம் எனவும் வழங்கும் மரமும் தளிர்க்குங் காலத்தில் முழுவதுஞ் சிவந்து தோன்றும். தொலைவிற் காண்பார் அதனைப் பூத்த மரம் என்றே மயங்குவர். தமிழில் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என இலையின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயருண்டு. அவற்றுள் தளிரே செய்யுளிற் பெரிதும் போற்றப்பட்டது.

பழுப்பிலே அழகு காட்டும் மரங்கள் இந்நிலத்திற் சிலவே. அவற்றுள் முதலிடம் கொட்டங்காய் மரத்துக்கு உரியது. கொட்டை மரம் என்றும் அதனைக் கூறுவர். சிங்களத்திற் கொட்டம்பா எனப்படும். தமிழ்நாட்டில் நாட்டு வாதுமை என்பர். பாதாம் மரம் என்று கூறுவாரும் உளர். உண்மையான வாதுமையோடு இதற்கு உறவில்லை. இதன் உறவினர் மருதும், தான்றியும், கடுக்காயும் ஆவர். திரிபலையில் நெல்லி நீங்கிய ஏனைய இரண்டும் இதன் உடன்பிறப்புகள் என்று கூறின், மருத்துவம் அறிந்தவர்க்கு இம்மரத்தின் குலம் விளங்கிவிடும். தாவரவியலில் இதன் பெயர் தெர்மினாலியா கற்றப்பா. முன்மொழி நுனி எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லிலிருந்து பிறந்தது. இலைகள் கிளை நுனியிற் கொத்தாகச் செறிந்திருத்தலால் அப்பெயர் அமைந்தது. பின்மொழி மலாய் மொழியில் இம்மரத்துக்கு வழங்கும் கெத்தாப்பாங் என்னும் பெயரின் திரிபு.

கொட்டாஞ்சேனை என்னும் ஊர்ப்பெயருக்கே, கொட்டை மரங்கள் செறிந்த சேனை எனப் பொருள் கொள்வாரும் உளர். ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் ஒலியொப்புமை பலரை வழிதவறச் செய்துள்ளமையால், இதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் வேண்டா. எனினும் கொழும்புக்கும் மரத்துக்கும் பெயரளவில் ஓர் உறவு கற்பிக்கப்பட்டமை பழையது. கண்டி அரசனின் சிறைப்பட்டு மீண்ட றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட தம் நூலில், காயாது இலை மாத்திரம் தழைத்த மாமரம் ஒன்றாற் கொழும்புக்கு அப்பெயர் வந்தது என்று எழுதினார். வரலாற்றாசிரியர் அதனை ஏற்பினும் மறுப்பினும், இலைக்காகவே பெயர் பெற்ற மரம் ஒன்றைக் கதையாகவேனும் உடைய நகரம் இது.

கொட்டங்காய் மரத்தின் இலை பெரியது. ஓரடி நீளம் வரை வளர்வதுண்டு. நுனிப்பக்கம் அகன்று காம்புப்பக்கம் ஒடுங்கியது. உதிர்வதற்கு முன் மஞ்சளும் செம்மஞ்சளும் செம்பும் கருஞ்சிவப்புமாக மாறும். ஒரே இலையில் இவை யாவுங் கலந்திருத்தலும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை இலை உதிர்த்தல் இம்மரத்தின் வழக்கமெனப் பலவிடத்துங் கண்டுள்ளனர். தை மாசியில் ஒருமுறையும் ஆடி ஆவணியில் ஒருமுறையும் அது நிகழ்வது பெரும்பான்மை. கொழும்பின் மழைக்கணக்கு இதற்கு இயைந்ததே. 1961 முதல் 1990 வரையான சராசரியின்படி, ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டும் சேர்ந்து 750 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுகின்றன. சனவரி, பெப்ரவரி இரண்டும் சேர்ந்து 130 மில்லிமீற்றரே பெறுகின்றன. மே மாதப் பெருமழைக்குப் பின் யூலை, ஆகஸ்ட் மாதங்களில் மற்றொரு தணிவு உண்டு. மேப்பிளுக்குக் குளிர் எதுவோ, இம்மரத்துக்கு ஏறக்குறைய வறட்சி அது. ஆயினும் இது நாட்காட்டிக்கு அடங்கிய மரமன்று. ஒரே ஒழுங்கையில் நிற்கும் இரண்டு மரங்களுள் ஒன்று சிவந்திருக்க மற்றது பச்சையாய் நிற்பதைக் காணலாம். வெறுங்கிளையாய் நிற்குங் காலமும் குறுகியது. விரைவில் இளம்பச்சைத் தளிர் கொத்துக் கொத்தாய் எழுந்துவிடும்.

கடல் கடந்த நகரங்கள் சில இம்மரத்தின் நிறத்தைத் தம் பருவமாகவே ஏற்றுக்கொண்டுள்ளன. பிரேசில் நாட்டு இரியோ நகரின் கடற்கரைத் தெருக்களில் இது நிறைய உண்டு. அந்நாட்டுப் பெருங்கவிஞர் கார்லோசு திரும்மோந்து தெ ஆந்திராதே 1957இல் வெளியிட்ட உரைநடைத் தொகுதி ஒன்றுக்கு இம்மரத்தையே விளித்துப் பெயரிட்டார். பனியறியாத நகரத்திலும் இலை பழுக்குங்காலம் ஒன்று உண்டென்பதை அவ்வூரார் இம்மரத்தாலேயே அறிவர்.

வளர்க்கும் முறைக்கு வருவோம். கீழே விழுந்த பழங்களுட் பழுதற்றவற்றைத் தெரிந்து, மேற்சதையை நீக்கி, ஓரிரவு நீரில் ஊறவிட்டு, மணலும் மண்ணும் கலந்த பையில் ஊன்றுதல் போதும். சில வாரங்களில் முளை தோன்றும். எல்லாம் முளைக்கும் என எதிர்பார்த்தல் கூடாது. ஒரு கன்று வேண்டுவோர் நாலைந்து கொட்டைகளை இடுதல் தக்கது. கன்று ஓரடி உயர்ந்ததும், மழை தொடங்கும் வேளையில் நிலத்தில் நடலாம். உப்புக்காற்றையும் மணல் நிலத்தையும் இது பொறுக்கும். இதன் பழம் நெட்டி போன்ற உறையால் நீரில் மிதந்து கரைக்குக் கரை பரவுவது. ஆகவே வெள்ளவத்தையில் இருப்புப்பாதைக்கு அண்மையில் உள்ள வளவுகளில், பிற மரங்கள் இலை கருகி நிற்கும் இடத்தும் இது தழைக்கும். முதலிரண்டு வறட்சிக் காலத்தில் நீர் ஊற்றினாற் போதும். பின்னரும் நாள்தோறும் நீரூற்றி நைதரசப் பசளையும் மிகுதியாக இட்டால், மரம் இலையை விடாது பச்சையாகவே வைத்திருக்க முயலும். நிறம் வேண்டுவோர் செய்யத்தக்கது திறந்த வெயிலில் நட்டுப் பின் அதனைத் தன் போக்கில் விடுவதே.

இம்மரத்தை அழகுபடுத்துவதாக எண்ணித் தலையை வெட்டுவது கொழும்பிற் பரவலான பிழை. இதன் தண்டு இடைவிடாது உயர்வதில்லை. சிறிது உயர்ந்து, நின்று, ஒரு வட்டம் கிளைகளைக் கிடையாக விட்டு, மீண்டும் உயரும். அதனாலேயே கோபுரத் தட்டுகள் போல அடுக்கடுக்காக நிழல் விழுகின்றது. மரங்களின் கட்டமைப்பை வகைப்படுத்தி அல்லே, ஓல்டுமன் என்போர் 1970இல் வெளியிட்ட நூலில், இவ்வகைக்கு எடுத்துக்காட்டாக நிற்கும் மரங்களுள் இதுவே பெரிதும் அறியப்பட்டது. நடுத்தண்டை ஒருமுறை வெட்டினால் அவ்வொழுங்கு குலையும். வெட்டுவாயிலிருந்து நெருங்கி எழும் கொம்புகள் உறுதியற்றவையாய்ப் பின்னர் முறிந்து விழும். கீழ்க்கிளை இடைஞ்சலாயின், மரம் இளையதாயிருக்கும்போதே அடித்தட்டினை முழுதாகத் தண்டோடு ஒட்டி நீக்குதலே முறை.

எல்லா வளவுக்கும் இது ஏற்றதன்று என்பதையும் கூறுதல் வேண்டும். முதிர்ந்த மரம் எண்பதடிக்கு மேல் உயரவும் கூடும். குடைபோல் இருபுறமும் விரியும். வெள்ளவத்தையின் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகளாகிவிட்டன. மதிலுக்கும் சுவருக்கும் இடையே ஆறடி இடம் உள்ள வளவில் இதனை நடுவது, பதினைந்து ஆண்டின் பின் வெட்டுதற்காக நடுவதேயாம். கட்டடத்திலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் இருபதடியேனும் தள்ளி நிற்றல் வேண்டும். அத்தகைய இடம் கோயில் வெளிவீதி, பாடசாலை மைதானத்தின் ஓரம், கடற்கரைப் பூங்கா என்பவற்றிலேயே இனிக் கிடைக்கும். சிறு வளவுடையோர் பூமருதினை நடலாம். சித்திரை வைகாசியில் ஊதாப் பூவும், உதிருமுன் செவ்விலையும் தருவது அது. தொடர்மாடிப் பல்கணியிற் சாடியில் வளர்க்கும் குரோட்டன் ஆண்டு முழுவதும் நிறங்காட்டுமாயினும், அந்நிறத்தில் வருகையும் இல்லை, பிரிவும் இல்லை. பருவம் ஒன்றைக் காண விரும்புவோர்க்கு அது ஈடாகாது.

மரங்களைக் குறித்து கொழும்பு வாசிகளுக்கு இன்று ஓர் அச்சமுண்டு. 2023 ஒக்டோபர் 6ஆம் நாள் கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பேருந்தின் மேல் பெருமரம் ஒன்று வீழ்ந்து ஐவர் உயிரிழந்தனர். அதன் பின் வீதியோர மரம் எதனையும் ஐயத்தோடு நோக்கும் மனநிலை தோன்றிற்று. அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆனால் மரத்தின் வேரைச் சுற்றிச் சீமெந்து பூசி மூடுதல், வாய்க்கால் தோண்டும்போது ஒரு பக்கத்து வேரை அறுத்தல், மேற்கிளைகளைக் கண்டபடி தறித்தல் என்பன உறுதியான மரத்தையும் வலுவிழக்கச் செய்வன. மரத்தின் அடியில் மண் மூச்சுவிட இடம் விடுதலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிந்தவரைக் கொண்டு தண்டையும் வேரையும் பார்ப்பித்தலும் வெட்டுதலினும் முன்னே நினைக்கத்தக்கவை.

மற்றைய குறை சருகு. அயலாரோடு பிணக்குக்குக் காரணமாவது பெரும்பாலும் இதுவே. ஓரடி நீள இலை நூற்றுக்கணக்கில் விழும்போது கூரைப் பீலியும் தெருவோர வாய்க்காலும் அடைபடும். தேங்கிய தெளிநீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் 186,000 அளவினர் டெங்கு நோயினர் எனப் பதிவாயினர். கொழும்பு மாவட்டம் அவற்றுள் மிகுந்த பங்கினைத் தாங்கியது. இந்நிலையில் சருகை ஒரு சிறு தொல்லை என்று ஒதுக்குதல் நேர்மையன்று. இலை விழுங்காலம் ஆண்டில் இரண்டு முறை மட்டுமே எனினும், அவ்வாரங்களில் நாள்தோறும் கூட்டுதலும், பீலியைத் திறந்து பார்த்தலும் கட்டாயம். இரண்டு காலமும் மழை குறைந்த காலமாய் அமைந்தது ஒரு நல்வாய்ப்பு. மழை வருமுன் பீலியைத் துடைத்துவிட்டால் இடர் பெரும்பாலும் நீங்கும்.

கூட்டிய சருகை எரித்தல் வேண்டா. துவர்ப்பு மிகுந்த இவ்விலை மெல்லவே உக்கும். சிறு துண்டாக நறுக்கி மாட்டெருவோடும் பச்சைக்குழையோடும் கலந்து குவித்தால் அடுத்த மழைக்குள் நல்ல பசளையாகும். வண்ணமீன் வளர்ப்போர் காய்ந்த கொட்டங்காய் இலையைத் தொட்டியில் இடுவர்; நீர் தேயிலைச் சாயம் போல் நிறம் மாறும். போர்மீன் முதலியவற்றுக்கு அந்நீர் உகந்தது என்பது அவர்கள் அநுபவம். இணைய அங்காடிகளில் இவ்விலை எண்ணிப் பொதியிட்டு விற்கப்படுகின்றது. காலையில் மரத்தடியிற் பொறுக்கும் இலைகளுள், புள்ளியும் பூஞ்சணமும் இல்லாது முழுச்சிவப்பாய் விழுந்தவற்றையே தெரிந்து, கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றுப்புகாத பெட்டியில் வைத்தல் வேண்டும். பசுமையாய்ப் பறித்த இலையை அவர்கள் கொள்வதில்லை.